கேரவனின் எடையும் அதை இழுக்கும் காரும்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மாப்பிள்ளை, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், உள்ளே தங்கக்கூடிய கேரவன் ஒன்றை வாங்க எண்ணி, அதன் எடைத் தகட்டையும் தம் காரின் கையேட்டுப் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கப்பலூரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், என்னிடம் கேட்பது அவருக்கு வழக்கம். "மச்சான், கார் 1,800 கிலோ வரை இழுக்கும் என்று போட்டிருக்கிறது, கேரவன் 1,350 தானே?" என்றார்.

அந்த 1,800 கிலோ கணக்குக்கு உதவாது என்பதே என் பதில். 12 சதவீத ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் கிளம்ப முடிகிறதா என்ற சோதனையையொட்டி வருகிற எண் அது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது பின்னால் வருவதைக் கார் அடக்கி வைக்குமா என்பதை அது சொல்லாது. அதற்குப் பார்க்க வேண்டியது காரின் வெற்று எடை. கேரவனின் முழு எடை (சாமானையும் சேர்த்து) அதில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று அந்நாட்டுக் கேரவன் சங்கங்கள் அறிவுறுத்துகின்றன. சட்டமில்லை, ஆனால் புதிதாக ஓட்டுபவர் மீறாமலிருப்பது நல்லது. அவருடைய கார் 1,600 கிலோ. 85 சதவீதம் 1,360. மயிரிழையில் பொருந்துகிறது. (சில ஆவணங்கள் வெற்று எடையில் ஓட்டுநருக்கென 75 கிலோவைச் சேர்த்திருக்கும், அதைக் கவனிக்காவிட்டால் கணக்கு கெடும்.)

உரிமத்தில் சிக்கல் இல்லை. 2021 டிசம்பரிலிருந்து அங்கே கார் உரிமமே 3,500 கிலோ வரையிலான இழுவைக்குப் போதும்.

கேரவனின் வெற்று எடை 1,200 என்பதால் சாமானுக்கு மிஞ்சுவது 150 கிலோ. பார்வைக்குத் தாராளம்தான், ஆனால் பின்னர் பொருத்தும், காரில்லாமல் கேரவனை நகர்த்தும் மோட்டார், கூடுதல் பேட்டரி, முன்கூடாரம் ஆகியவையே அதில் பாதிக்குமேல் தின்றுவிடும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அதுவும் ஏறும். இதோடு, காரும் கேரவனும் சேர்ந்து 3,400 கிலோவைத் தாண்டக் கூடாதென்று காரின் கையேட்டில் இருக்கிறது. கார் தனியாகப் போகையில் ஆளும் சாமானும் சேர்ந்த அதன் எடை 2,150 வரை இருக்கலாம். நிறை கேரவனோடு போகையில் 2,050தான்.

எடை எவ்வளவு என்பதற்கு இணையாக, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அழுத்தும் என்பது மேலூர்ப் பக்கத்து வண்டிக்காரர் எவருக்கும் தெரியும்; கொக்கியிலும் அதே கதைதான். கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். அவருக்கு அது ஏறத்தாழ 68 முதல் 94 கிலோ. ஆனால் அவர் காரின் கொக்கி தாங்குவது 75 மட்டுமே. ஆகவே கனமான பொருள்கள் தரையோடு, அச்சுக்கு மேலேயே இருக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால், இறக்கத்திலோ லாரி கடக்கும் காற்றிலோ கேரவன் பாம்பாக நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

ஆல்ப்ஸ் பயணமும் அவர் மனதில் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ பத்திலொரு பங்கு வலுவை இழக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பழைய காரில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கலாம் என்றேன். ஆனால் முதல் பயணத்துக்கு முன், எல்லாச் சாமானையும் ஏற்றி, எடை மேடையில் கேரவனைக் கழற்றித் தனியாக ஒரு முறையும் காரோடு சேர்த்து ஒரு முறையும் நிறுத்திவிட்டு, அந்தச் சீட்டுகளை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.