2,486 கிலோமீட்டர்: ஓய்வுக்குப் பின் ஒரு நிதிப் பயணம்

பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழிந்த நிலையில், என் 62ஆம் வயதில், சென்ற டிசம்பரில் மதுரையிலிருந்து கன்னியாகுமரி சென்று, அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியே ஹைதராபாத் வரை மோட்டார் சைக்கிளில் போய், ஒன்பதாம் நாள் வீடு திரும்பினேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதே நோக்கம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. என் தங்கைக்கும் அங்கேதான் சிகிச்சை நடந்தது. அதன்பின் அவள் 11 ஆண்டுகள் எங்களோடு இருந்தாள்.

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதன் எடை 195 கிலோ. இந்த வயதில் ஓட்டுவதைவிட, நிறுத்திய இடத்திலிருந்து பின்னோக்கி நகர்த்துவதுதான் இடுப்பைப் பதம் பார்க்கிறது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்து, எங்கே நிறுத்தினாலும் முன்சக்கரம் வெளியேறும் திசையை நோக்கி இருக்கும்படி நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

ஏப்ரலில் திண்டுக்கல் வரை போய் வருவதில் தொடங்கிய பயிற்சி, ஜூலையில் கன்னியாகுமரி வரை நீண்டது. ஆடிக்காற்றை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். வள்ளியூரைக் கடந்து காவல்கிணறு நெருங்கும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று வலப்புறமிருந்து தள்ளும். அதை எதிர்க்க நாமும் வண்டியை வலப்புறம் சற்றுச் சாய்த்தே ஓட்டுவோம். அந்நேரத்தில் ஒரு லாரி நம்மை முந்தினால், அது காற்றை மறைத்த கணத்தில் வண்டி லாரியின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறையும். கண்ணாடியில் லாரி தெரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதே பாதுகாப்பு என்று அன்று கற்றேன்.

அதே பயிற்சியில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. கைப்பிடியை இறுகப் பற்றியதே காரணம். தொடைகளால் டேங்கை அணைத்து உடலைத் தாங்கி, கைகளைத் தளர்வாக வைத்து, 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடந்ததில் டிசம்பர் பயணம் முழுவதும் அந்தத் தொல்லை வரவில்லை. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பகல் ஒரு மணிக்குள் தங்குமிடம் சேர்வது என்று வைத்திருந்தேன். தேவனஹள்ளி அருகே பனிமூட்டம் சூழ்ந்த ஒரு காலை மட்டும், ஒரு தேநீர்க் கடையில் எட்டு மணிவரை காத்திருந்தேன்.

திரும்பும் வழியில் தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகையில் அது நீண்ட இறக்கம். பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதி விபத்துகள் பல நடந்த இடம். மூன்றாம் கியரில் என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்தி, எந்த லாரிக்கும் நேர் முன்னால் நில்லாமல் இறங்கினேன். அந்தச் சில கிலோமீட்டர்களில்தான் மற்ற எந்த இடத்தையும்விட அதிகம் அஞ்சினேன்.

நிதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என 41 பேர் வாக்களித்தனர். பணத்தை என் வங்கிக் கணக்கில் சேர்த்து மொத்தமாகக் கொடுக்க நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் ரசீது என் பெயரில்தான் வரும், கொடுத்தவர்களுக்கு வராது என்று தணிக்கையாளராக இருந்த நண்பர் எடுத்துச் சொன்னார். ஆகவே ஒவ்வொருவரும் மருத்துவமனைக்கே நேரடியாகச் செலுத்தும்படி கேட்டுக்கொண்டேன். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது. நோட்டுகளை என்னிடமே நீட்டிய இரண்டு முதியவர்களின் வீட்டில் உட்கார்ந்து, அவர்களுடைய கைப்பேசியிலிருந்தே அனுப்ப உதவினேன். புறப்பட்ட அன்றும் திரும்பிய அன்றும் ஓடோமீட்டரைப் படமெடுத்து அனைவருக்கும் அனுப்பினேன். ஓடிய தூரம் 2,486 கிலோமீட்டர். இதுவரை 34 பேர் செலுத்தியிருக்கிறார்கள். தொகை 84,524 ரூபாய்.

பெட்ரோலுக்கும் தங்குவதற்கும் ஆன செலவை அப்படியே மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 71 லிட்டர் பெட்ரோல், எட்டு இரவுத் தங்கல், உணவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 21,000 ரூபாய் ஆனது. அது முழுவதும் என் ஓய்வூதியத்திலிருந்து வந்தது, நன்கொடையில் ஒரு ரூபாயும் அதில் சேரவில்லை. அந்தத் தொகையை மட்டும் நான் கொடுத்திருந்தால் அது அதோடு முடிந்திருக்கும். பணம் செலுத்திய 34 பேரில் பெரும்பாலோர் இதற்கு முன் எந்த மருத்துவமனைக்கும் நன்கொடை அளித்ததில்லை என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

மீதமுள்ள ஏழு பேருக்கும் ஓடோமீட்டர் படத்தையும் மருத்துவமனையின் கணக்கு விவரத்தையும் மீண்டும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பயணம் ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் வரை. கோடையைத் தவிர்க்க வரும் ஜனவரியில் வைத்திருக்கிறேன். அதற்குள் வண்டியின் செயினையும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றியாக வேண்டும்.