எப்ப வருதுன்னு தெரியணும்

எங்கள் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் அந்தப் பையனின் வலி சார்ட்டில் 2, 4 என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று ஒரு 8 நிற்கிறது. சிரிக்கிற முகத்தில் தொடங்கி கண்ணீர் விடுகிற முகம் வரை ஆறு முகங்கள் போட்ட அட்டையை நீட்டி, எவ்வளவு வலித்தது என்று பிள்ளையையே தொட்டுக் காட்டச் சொல்வோம் இல்லையா, அந்தக் கணக்கு. 2, 4 எல்லாம் கண்ணை மூடிக் கடலும் மீனும் காட்டுகிற வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற வென்ஃப்ளான் குழாயைப் போட்டுக்கொண்ட நாட்கள். 8 வந்தது கண்ணாடி இல்லாத நாளில். வேண்டாம் என்றது அவன். சரி என்று எடுத்து வைத்தது நான்.

அன்று நடந்த பேச்சு ரொம்பச் சின்னது.

"போட்டு விடுங்க சிஸ்டர், அவன் அப்படித்தான் சொல்வான்" என்றார் அம்மா.

"வேணாம்க்கா."

"ஏன்டா, போன தடவை வலி கம்மின்னு நீதானே காட்டின?"

"வலி கம்மிதான். ஆனா எப்ப வருதுன்னு தெரிய மாட்டேங்குது. மீனைப் பாத்துட்டே, எப்ப குத்துவாங்க, எப்ப குத்துவாங்கன்னு நினைச்சிட்டே இருக்கேன்."

"நான் சொல்லிட்டுக் குத்துறேன்டா."

"போன தடவையும் அதான் சொன்னீங்க."

போன தடவையும் சொல்லிவிட்டுத்தான் குத்தினேன். கடல் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இதை அவனிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது? சொன்னேனா இல்லையா என்பது அவன் பிரச்சினையே இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி மாட்டியிருக்கும்போது அவன் அடிக்கடி தலையைக் கீழே சாய்ப்பான். அடியில் நீந்துகிற ஆமையைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். மூக்குக்குப் பக்கத்தில் கண்ணாடி முகத்தோடு ஒட்டாமல் ஒரு இடைவெளி இருக்கும், வெளிச்சம் உள்ளே வரும். அந்தச் சந்து வழியாகத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்குக் கண்ணாடி மேல் கோபம் ஒன்றும் இல்லை. அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. 1990-களில் சியாட்டிலில் ஹன்ட்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் இருவரும் தீக்காயம்பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது வி.ஆர். கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பனிமலைக்கு நடுவே பறந்து பனிப்பந்து எறிகிற விளையாட்டு பிறகு வந்தது. மனதின் கவனம் ஒரு அளவுக்குத்தான் உண்டு, அதில் பெரும்பங்கை விளையாட்டு எடுத்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பது அவர்கள் கணக்கு. 2004-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் பதித்திருக்கும் போர்ட்டில் (மருந்து ஏற்றுகிற வாயில்) ஊசி ஏற்றும்போது கொரில்லாக்கள் இருக்கும் மிருகக்காட்சி சாலையைக் காட்டினார்கள். நாடித்துடிப்பு குறைந்தது, நர்ஸ்கள் போட்ட வலி மதிப்பெண்ணும் குறைந்தது. முதலில் படித்தபோது சந்தோஷப்பட்டேன். இப்போது படித்தால், மதிப்பெண் போட்டது நம்மைப் போன்றவர்கள்தானே என்று அந்த ஒரு வார்த்தையில் நின்றுவிடுகிறேன்.

கண்ணாடி உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முதுகு ஊசி முடிந்து தலையணை இல்லாமல் நிமிர்ந்து படுத்திருக்கும் பெண் பிள்ளைக்குக் கடலைக் கூரைக்கு நேராகத் திருப்பி வைத்துக் கொடுத்தால், எழுந்திருக்கணும் என்று அடம்பிடிக்காமல் கிடக்கிறாள். வேகமாக ஓடுகிற படங்களை மட்டும் போடக் கூடாது. கீமோவில் ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ரோலர் கோஸ்டர் காட்டினால் பாத்திரத்தைத் தேடி ஓட வேண்டியதுதான். ரத்தத்தில் வெள்ளணு கவுன்ட் குறைந்து, தொற்று சீக்கிரம் ஒட்டிக்கொள்கிற பிள்ளைகள் என்பதால் ஒவ்வொருவருக்கும் துடைத்து, முகத்தில் படுகிற துணியை மாற்றித் தர வேண்டும். வேலைதான், ஆனால் செய்யலாம்.

அன்றைக்கு வருகிறேன். வின்கிறிஸ்டின் என்கிற கீமோ மருந்து போட வேண்டிய நாள். அது நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும் என்பது நமக்குத் தெரியும். லைன் சுத்தமாக இருக்க வேண்டும், கை அசையக் கூடாது. மரத்துப்போகிற கிரீமைத் தடவி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடவில்லை. ஆனால் கிரீம் தடவிய இடத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இத்தனை மாத மருந்துக்கு அப்புறம் எந்தப் பிள்ளைக்கு நரம்பு சொன்னபடி கேட்கிறது? மறு கையில், கிரீம் இல்லாத இடத்தில் குத்த வேண்டியதாயிற்று. கத்தினான். பக்கத்துக் கட்டிலில் இருந்த மூன்று வயதுக் குழந்தையும் சேர்ந்து அழுதது. அம்மா வெளியே போய்விட்டார்.

ஆகவே அந்த 8-ஐக் கண்ணாடி இல்லாததன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கிரீம் இல்லாத கையில் கண்ணாடி போட்டுக் குத்தியிருந்தாலும் 6 வந்திருக்கும். வந்திருக்குமா? 4 கூட வந்திருக்கலாம்.

முடிந்ததும் கேட்டேன், "அடுத்த தடவை கண்ணாடி போட்டுக்கலாமா?" கன்னம் இன்னும் ஈரம். "வேணாம்" என்றான். யோசிக்கவே இல்லை.

டூட்டி டாக்டர் அப்புறம் கேட்டார்: "வலியைக் குறைக்க ஒரு வழி கையில இருக்கும்போது அதைப் பயன்படுத்தாம விடுறது சரியா சிஸ்டர்?" பதில் சொல்லவில்லை. ராத்திரி பஸ்ஸில் வரும்போது நிறையப் பதில் வந்தது. இரண்டு மூன்று வருடம் நீளும் வைத்தியத்தில் அந்தப் பையனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. முடி போனது, ஸ்டீராய்டில் முகம் ஊதியது, ஸ்கூல் நின்றது. அவனாகக் கேட்டது தன் கையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிற உரிமை ஒன்றைத்தான். 11 வயதுப் பையனுக்கு அதைக்கூடக் கொடுக்கக் கூடாதா?

இப்படி நியாயம் பேசி முடிப்பதற்குள் மறுபக்கம் வந்துவிடும். மாத்திரை வேண்டாம் என்று அவன் சொன்னால் நான் கேட்பேனா? வாயைத் திறக்க வைத்துப் போடுவேன். வின்கிறிஸ்டின் வேண்டாம் என்றால்? எனக்குக் கஷ்டமில்லாத இடத்தில் மட்டும் அவன் சொல்லைக் கேட்டுவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறேனோ என்று தோன்றும். அவன் அம்மா அன்று சாயங்காலம் கோபமே இல்லாமல் சொன்னார்: "அவன் கத்துறத வெளியில நின்னு கேக்கிறது நான்தானே சிஸ்டர்." கண்ணாடி அவருக்கும் தேவைப்பட்டது. அந்தத் தேவையை அற்பம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

இடையில் ஒரு வழி செய்து பார்த்தோம். கண்ணாடி உண்டு, சத்தம் கிடையாது. ஒரு கை என் கையில். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுக் குத்துவது. ஒத்துக்கொண்டான். 6-ஐத் தொட்டான். "பாத்தீங்களா, குறைஞ்சிருக்கு" என்றார் அம்மா. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பெரிய பிள்ளைகளிடம் முதலிலேயே கேட்கிறேன்: "ஊசியைப் பாக்கணுமா, வேணாமா?" பார்க்கணும் என்று சொல்கிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். சின்னதுகளிடம் கேட்பதில்லை. கண்ணாடிக் கம்பெனி 13 என்று வைத்திருந்த குறைந்தபட்ச வயதை 2023-ல் 10 ஆகக் குறைத்தது. நம்மிடம் வருகிற லுக்கீமியாப் பிள்ளைகளில் நிறையப் பேர் இரண்டிலிருந்து ஐந்து வயது. அதுகளுக்குப் போனில் கார்ட்டூன்தான். ஊசியைத் துண்டுக்குள் மறைத்துத்தான் கொண்டுபோகிறேன், இன்றைக்கும். பெரியவனுக்கு ஒரு நியாயம், சின்னதுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. மூன்று வயதுக்கு ஊசியைக் காட்டிவிட்டு அப்புறம் கையைப் பிடித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சார்ட்டில் வலிக்குப் பக்கத்திலேயே பயத்துக்கும் ஒரு கட்டம் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வலிக்கட்டத்தையே பாதி நாள் யாரும் நிரப்புறதில்ல, இதுல பயம் வேறயா?" என்றார். அவர் சொல்வதும் உண்மைதான். காலையில் கூட்டம் நெரியும்போது அட்டையை நீட்டிப் பொறுமையாகக் கேட்க யாருக்கு நேரம்? அடுத்த மாத மீட்டிங்கில் மறுபடி கேட்கத்தான் போகிறேன்.