வார்டுக்கும் பில்லிங்குக்கும் நடுவே

மருத்துவமனை மேலாண்மை படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு எண்ணங்கள் இருக்கும். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, அதற்கு அடுத்தது இதுதான் என்பது ஒன்று. ஏசி அறையில் உட்கார்ந்து நாலு பேரை வேலை வாங்கலாம் என்பது இன்னொன்று. நான் இரண்டையும் மறுத்துப் பேசுவதில்லை. முதல் வருடப் பாடங்களும் ஒரு நல்ல இன்டர்ன்ஷிப்பும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இது பல்கலைக்கழகத்துக்குள் வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1934-ல் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்று முதுநிலைப் படிப்பு தொடங்கியதைத்தான் முதல் படியாகச் சொல்வார்கள். அதற்கு முன்பெல்லாம் மூத்த மருத்துவரோ தலைமை நர்ஸோ மற்ற வேலைகளோடு சேர்த்து இதையும் பார்த்துக்கொண்டார்கள். லேப், எக்ஸ்ரே, பார்மசி, கணக்கு, காப்பீடு என்று துறைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் வந்தார். இரண்டு துறைகளுக்கு நடுவே இருக்கும் இடத்துக்குத்தான் யாரும் இல்லை. என் அனுபவத்தில் இந்த வேலை முழுக்க அந்த நடு இடத்தில்தான் நடக்கிறது.

படிக்கும்போது எங்கள் புலம்பல் ஒன்றே ஒன்றுதான்: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம், எதிலும் முழுசாக இல்லை. காலையில் மருத்துவக் கலைச்சொற்கள், அப்புறம் கணக்கியல், மதியம் நோய்ப்பரவியல், நடுவில் சட்டம், மனிதவளம், புள்ளியியல். வேலைக்கு வந்த பிறகு அந்தப் புலம்பல் நின்றுவிட்டது. டாக்டரோடு நோயின் தீவிரத்தைப் பற்றியும், அதே மணி நேரத்தில் கணக்குப் பிரிவோடு நிலுவையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. இருவருமே நம்மை முட்டாளாக நினைக்காத அளவுக்கு விஷயம் தெரிந்திருந்தால் போதும். அந்த அளவைத்தான் படிப்பு தருகிறது.

டிஸ்சார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நோயாளி கிளம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் "எங்க கிட்ட பத்து நிமிஷம்தான் சார்" என்கிறது. கூடவே நடந்து பார்த்தால் அது உண்மையும்கூட. சம்மரி, அதாவது சிகிச்சை விவரச் சுருக்கம், எழுத நேரம் ஆகவில்லை, கையெழுத்துக்காக அது காத்திருந்தது. மீதி மருந்தைக் கணக்குப் பார்க்க நேரம் ஆகவில்லை, வார்டிலிருந்து பார்மசிக்கு எடுத்துப்போக ஆள் இல்லை. பில் தயார்தான், ஆனால் காப்பீட்டு ஒப்புதல் கேட்டு மெயில் போனதே மதியத்துக்கு மேல். வேலை நடந்த நேரத்தைக் கூட்டினால் கொஞ்சம்தான் வரும். மீதியெல்லாம் காத்திருப்பு, அதுவும் யார் கணக்கிலும் வராத காத்திருப்பு.

இங்கேதான் வகுப்பில் தூங்கி வழிந்த ஒரு பாடம் எனக்குக் கைகொடுத்தது. வரிசையில் காத்திருப்பதைப் பற்றி ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த விதி: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, உள்ளே வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். தினம் 20 பேர் சேர்ந்து, சராசரியாக 5 நாள் தங்கினால் 100 படுக்கைகள் நிரம்பியிருக்கும். தங்கும் நேரத்தில் அரை நாளைக் குறைத்தால் 90 போதும். ஒரு செங்கல்கூட வைக்காமல் 10 படுக்கை! கட்டிட விரிவாக்கம் பற்றிய கூட்டங்களில் இந்த ஒரு பெருக்கலை எழுதிக் காட்டினால் பேச்சின் போக்கே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காகப் படுக்கையைக் காலியாகவே விடக்கூடாது என்று கணக்குப் பிரிவு சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. 1999-ல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வின்படி, சராசரி நிரம்பல் 85 சதவீதத்தைத் தாண்டும்போதே அவசரமாக வருகிறவருக்குப் படுக்கை கிடைக்காமல் போகும் ஆபத்து கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. 90 ஆகிவிட்டால் நெருக்கடி வாடிக்கையாகிவிடும். நோயாளிகள் நம் வசதிக்கு ஏற்றபடி சீராக வருவதில்லை அல்லவா. காலியாகக் கிடக்கும் சில படுக்கைகளும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. இதை ஒரு நிதி அதிகாரிக்குப் புரிய வைப்பது தனிக் கலை.

சரி, டிஸ்சார்ஜுக்கு வருவோம். மறுநாள் போகப்போகிறவர் யார் என்று முந்தின மாலையே குறித்துவிடுவது, சம்மரியை அப்போதே தொடங்குவது, மீதி மருந்தை இரவிலேயே திருப்பிவிடுவது என்று குழு ஒரு திட்டம் போட்டது. காகிதத்தில் அழகாக இருந்தது. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், இதுல டாக்டர் நேரம் இருக்கு, பில்லிங் நேரம் இருக்கு. நைட் டியூட்டி நர்ஸோட நேரம் எங்கே?" இரவில் ஆட்கள் குறைவு, வேலை அவர்கள் தலையில் விழுகிறது என்பதை எங்கள் திட்டத்தில் எந்த இடமும் காட்டவில்லை. கடைசியில் பார்மசி உதவியாளரே மாலையில் வார்டுக்கு வந்து மருந்தை எடுத்துப் போவது என்று முடிவானது. அது சிஸ்டரின் யோசனைதான்.

ஒரு திட்டம் நல்லது என்பதற்கும் அது வார்டில் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு, மாணவர்களிடம் நான் சொல்வது அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் கதை. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குழு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியல் அது. எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்து 2009-ல் முடிவுகள் வெளியாயின. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இதே பட்டியலைக் கடைப்பிடித்தன. 2014-ல் வந்த ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. ஏன் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. என் பார்வையில், ஒரு இடத்தில் குழு நின்று பேசிச் சரிபார்க்கிறது, இன்னொரு இடத்தில் கட்டங்களில் டிக் மட்டும் விழுகிறது. இரண்டு மருத்துவமனைகளின் பதிவேட்டிலும் 100 சதவீதம் என்றுதான் இருக்கும்.

மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபேடியன் 1966-ல் அதை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம் இது. இப்போது எந்த அறிக்கை மேசைக்கு வந்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: இது எதை அளக்கிறது? எத்தனை வென்டிலேட்டர் வாங்கினோம் என்பது அமைப்பு. அதை வைத்து விளைவைப் பற்றிப் பெருமை பேசும் அறிக்கைகள் நிறைய உண்டு.

தலைமைப் பண்பு பற்றி ஒரு முழுப் பருவம் பாடம் நடத்தினார்கள். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பணம் எப்படி வருகிறது என்ற பாடத்தை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். அமெரிக்க அரசு பெரும்பாலும் முதியோருக்காக நடத்தும் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 1983-ல், ஆன செலவுக்கெல்லாம் பணம் கொடுப்பதை விட்டுவிட்டு, நோய் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்துக் கொடுக்கத் தொடங்கியது. நோயாளிகள் தங்கும் காலம் சட்டென்று குறைந்தது. மருத்துவம் ஒரே இரவில் முன்னேறிவிடவில்லை, பில் போடும் முறைதான் மாறியது. எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், யார் எதற்குப் பணம் கட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி விசித்திரங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தைவிட இன்டர்ன்ஷிப்பை விசாரியுங்கள். எத்தனை மாதம், எந்தெந்தத் துறை, இரவு ஷிப்டில் இருக்க விடுவார்களா? நிர்வாக அலுவலகத்தில் உட்கார வைத்து எக்செல் நிரப்பச் சொல்லும் இடமென்றால் வேறு இடம் பாருங்கள். படித்து முடித்ததும் மேலாளர் நாற்காலி காத்திருக்காது. தரப் பிரிவிலோ காப்பீட்டு மேசையிலோதான் பெரும்பாலும் தொடக்கம். இரண்டில் ஒன்று என்றால் நான் காப்பீட்டு மேசையைச் சொல்வேன். வேலை அலுப்புதான், திட்டும் அதிகம் விழும். ஆனால் எந்தக் கோப்பு எந்தத் துறையில் நின்றது என்று அங்கேதான் முதலில் தெரியவரும்.