முகவர் வழியாக முதல் நேர்முகத் தேர்வு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வேலைவாய்ப்பு முகவர் மூலம் முதல் நேர்முகத் தேர்வு உறுதியானபோது, சட்டைக்கு இஸ்திரி போட்டுச் சான்றிதழ்களை அடுக்கினால் போதுமென்று எண்ணியிருந்தேன். அங்கிருந்த அலுவலரோ, "தம்பி, உங்களுக்குச் சம்பளம் தரப்போவது நாங்களா, நேர்முகத் தேர்வு நடத்தும் நிறுவனமா என்று கேட்க வேண்டாமா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒப்பந்த வேலையில் முகவரே முதலாளியாகவும் இருக்கலாம் என்பதால், ஊழியர் சேமநிதியில் 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்திற்கு முதலாளி கட்டவேண்டிய 13 விழுக்காட்டை யார் கட்டுவார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முகவர்கள் பெறவேண்டிய உரிமம் அவர் மேசைக்குப் பின்னால் சட்டமிட்டுத் தொங்கியது. அதைப் பார்த்த பிறகே ஆவணங்களைக் கொடுத்தேன்.

அன்றிரவு அடுக்களையில் அம்மா கைப்பேசியில் நேரம் பார்க்க, மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிமுக உரையைச் சொல்லிப் பார்த்தேன். முதல் முறை நான்கு நிமிடம் ஓடியது, "பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியெல்லாம் எதற்கய்யா?" என்று அவர் கேட்டதும் பாதி உதிர்ந்தது. மறுநாள் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஐந்தாவது நிலையமான கேஎல்சிசி வரை எல்ஆர்டி இலகு ரயிலில் ஒருமுறை சென்று, நேர்முகத் தேர்வு நடக்கவிருந்த அலுவலக வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சட்டையின் கழுத்துப் பித்தான் ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டது அந்தப் பயணத்தில்தான்.