சிறவிக்குச் சாமான் ஏற்றும் நாட்கள்

2025 ஜனவரி 18, சனி

படகு முடிந்துவிட்டது என்று போன மாதம் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முடிந்தது உடம்பு மட்டும்தான். 15 அடி நீளம், 5 அடி அகலம், அடியில் 9 மி.மீ. மரைன் ப்ளை (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை), பக்கத்தில் 6 மி.மீ. மூட்டெல்லாம் எபாக்சிப் பசை. பெயர் சிறவி. பாய் கட்டி, கயிறு ஓட்டி, ஒற்றை ஆளாக நாலு நாள் கடலில் இருக்கும்படி செய்வது தனி வேலை என்பது இப்போதுதான் புரிகிறது.

தொண்டியிலிருந்து கரையை ஒட்டியே வடக்கே மல்லிப்பட்டினம் வரை போவதுதான் திட்டம். வாடைக் காற்று தணிந்த பிறகு, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னால். இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்கப்போவதில்லை.

வேண்டிய சாமான்களை எழுதினேன். 43 வந்தது. பக்கத்துத் தோப்புக்கு வரும் பெரியவர் காலமெல்லாம் வத்தை என்னும் பாய்மரப் படகில் பாய் பிடித்தவர். தாளை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, சாமானுக்கு ஒரு படகு, உங்களுக்கு ஒரு படகா?”

ஜனவரி 26, ஞாயிறு

பாய்மரத்துக்கு அலுமினியக் குழாய் விலை கேட்டுவிட்டு வந்தேன். பெரியவர் சவுக்குக் கழி ஒன்றைக் காட்டினார். நேராக, காய்ந்து, கணு சிறியதாக இருந்தது. இழைத்து ஆளி விதை எண்ணெய் பூசியாயிற்று. பாயைத் தாங்கும் பருமல் கழிக்கு மூங்கில். பாய் எட்டு சதுர மீட்டர், ஒரே பாய்.

ஒரே பாயாக வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்னால் இன்னொரு பாய் இருந்தால் காற்று மிரளும்போது அணியத்துக்கு ஓட வேண்டும். நான் முன்னால் போனால் சுக்கானை யார் பிடிப்பது? அதனால் பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றைக் கப்பி வழியாகப் பின்னால் கொண்டுவந்து, என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டினேன். பாயைச் சுருக்கும் கயிறுகளும் அங்கேதான். மணலில் நிறுத்திய படகில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பார்த்துச் சுருக்கிப் பழகினேன். முதல் தடவை ஏழு நிமிடம். சாயங்காலத்துக்குள் இரண்டரை. தோப்பில் மாடு மேய்க்கும் பையன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு மணி நேரம் கடலில். சுக்கான் பிடியை இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப் கீற்றால் இழுத்துக் கட்டி, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தேன். காற்றைப் பக்கவாட்டில் வாங்கும்போது மூன்று நிமிடம் தானாகவே நேராக ஓடியது. தண்ணீர் குடிக்க, வரைபடம் பார்க்க அது போதும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் நிற்காமல் தனியே உலகைச் சுற்றினார். 312 நாள். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. தானியங்கிச் சுக்கான் பாதி வழியில் உடைந்த பிறகு, பாய்களைச் சமன்செய்து வைத்தே படகைத் தன்போக்கில் ஓடவிட்டார். நமக்கு மூன்று நிமிடமே பெரிய விஷயம்.

காம்பஸ்தான் வம்பு செய்தது. தொண்டிப் பக்கம் திரும்பியும் முள் வேறெங்கோ காட்டுகிறது. பொருத்தியது கோணலோ என்று திருகை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். கடைசியில் போனை எடுத்துப் பையில் போட்டதும் முள் இருபது டிகிரி நகர்ந்து நின்றது. போன் உறையின் மூடியில் காந்தம்! உறை வீட்டுக்குப் போகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே கவிழ்த்தேன்.

நெஞ்சளவு தண்ணீர், கரையில் பெரியவரும் இரண்டு பையன்களும். பாய்மரத்தைப் பிடித்துத் தொங்கியதும் சிறவி சோம்பலாகச் சாய்ந்து படுத்தது. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று இழுத்தேன். நிமிர்ந்தது. அதுவரை என் கணக்குச் சரி.

நிமிர்ந்த படகில் உட்காரும் பலகை வரை தண்ணீர். இறைக்கலாம் என்று வாளியைத் தேடினால், அது முப்பது அடி தள்ளி ஜாலியாக மிதந்து போகிறது. கட்டவில்லை. பையன் நீந்திப்போய்க் கொண்டுவந்தான். இறைக்க ஆரம்பித்தேன். ஐம்பது வாளி இருக்கும். மட்டம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். நடுப்பலகை நுழையும் பெட்டியின் மேல்வாய் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறது. அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. நான் படகை இறைக்கவில்லை, பாக் நீரிணையை இறைத்துக்கொண்டிருந்தேன்.

ஏறுவதும் அவமானமாகத்தான் முடிந்தது. பக்கவாட்டில் ஏறப்போனால் படகு என் மேலேயே சாய்கிறது. பின்பக்கமாக ஏறலாம் என்றால் கால் வைக்க எதுவும் இல்லை. நாலாவது முயற்சியில் பெரியவர் கரையிலிருந்து கத்தினார்: “விடுங்க தம்பி, நடந்தே வாங்க!”

பிப்ரவரி 16, ஞாயிறு

முன்னும் பின்னும் காற்றறை வைத்திருந்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. அதுதான் கோளாறு. தீர்வும் பெரியவருடையதுதான், வலைக்கு மிதப்பாகக் கட்டும் காலி எண்ணெய் கேன். ஐந்து லிட்டர் கேன்களைப் பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருக்கைக்கு அடியில் செருகி, பட்டை நாடாவால் வரிந்து கட்டினேன். மொத்தம் 120 லிட்டர், அதாவது ஏறக்குறைய 120 கிலோவைத் தாங்கும். பலகைப் பெட்டியின் வாய்க்கு ரப்பர் மூடி. பின்பக்கம் காலை நுழைத்து ஏற ஒரு கயிற்று வளையம்.

மறுபடி கவிழ்த்தேன். இம்முறை பெட்டி வாய் தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது. தனியாக ஏறி, தனியாக இறைத்து முடிக்க இருபது நிமிடம். கையெல்லாம் கொப்புளம். சந்தோஷம்.

அவசரப் பையையும் இன்று இடம் மாற்றினேன். தனியே உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புரண்டு, பாய்மரம் ஒடிந்து, அவருக்கு முதுகெலும்பு அடிபட்டது. மாற்று சேட்டிலைட் போன் இருந்த பை படகிலேயே இருந்தும் அவரால் அதை எட்ட முடியவில்லை. என் பையை முன்னறையில் நன்றாக நனையாத இடத்தில் வைத்திருந்தேன். படுத்துக்கொண்டு, ஒரு காலை மடக்காமல் எடுக்க முயன்றேன். முடியவில்லை. இப்போது சுக்கான் இருக்கைக்குக் கீழே. உள்ளே விசில், டார்ச், உறையிட்ட போன் (காந்தம் இல்லாத உறை), குளூகோஸ். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை இருக்கையின் உள்பக்கமே பெயின்டில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சில்லறை வேலைகள். சோலார் 20 வாட், லித்தியம் பேட்டரி, பாய்மர உச்சியில் ஒரு வெள்ளை விளக்கு. இரவில் வரும் விசைப்படகு என்னைப் பார்க்க வேண்டுமே. தண்ணீர் பத்து லிட்டர் கேன் இரண்டு, நடுவில், தாழ்வாக.

கேஸ் அடுப்பு வேண்டாம். கசிந்தால் அந்த வாயு மேலே போகாது, படகின் அடியில் தேங்கிக் கிடக்கும். மண்ணெண்ணெய் அடுப்பு பற்றி ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு அதையும் விட்டேன். அவல், வெல்லம், சத்துமாவு, வாழைப்பழம். 43 இப்போது 26.

மார்ச் 1, சனி

முதல் இரவு படகிலேயே. கரை தெரியும் தூரம், ஆழம் மூன்று மீட்டர். முதலில் நங்கூரம் கடற்புல் மேல் விழுந்து வழுக்கிக்கொண்டே வந்தது. புல்லை அரிப்பதற்கும் மனசில்லை. வடக்கே போனால் கடற்பசுக் காப்பகம், இதே புல்லை நம்பித்தான் அவை இருக்கின்றன. தூக்கி, வெள்ளையாக மணல் தெரிந்த இடத்துக்கு நகர்ந்து போட்டேன். ஐந்து மீட்டர் சங்கிலி, அப்புறம் பதினைந்து மீட்டர் கயிறு. பிடித்தது.

இருக்கைகளுக்கு இடையே பலகை போட்டுப் படுத்தேன். சின்ன அலை 6 மி.மீ. ப்ளைக்கு அந்தப் பக்கம் காதுக்கு நேராகத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போன் செய்து “நல்லாத்தான் இருக்கேன்” என்றேன். “கொசு இருக்கா?” என்றாள். இல்லை.

இரண்டு மணிக்கு எழுந்து ஒன்றுக்குப் போக வாளியை எடுத்தேன். கவிழ்ந்த நாளுக்குப் பிறகு இறுக்கிக் கட்டிய கயிறு, நான் மண்டியிடும் இடத்துக்கு ஒரு முழம் எட்டவில்லை. காலையில் கூட்ட வேண்டும்.