கழுகுத் தட்டு

பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில் நகரத்துக்கு நாங்கள் குடிவந்த முதல் கோடையில், எதிர்வீட்டுப் பாட்டி தம் வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அவற்றினிடையே கிடந்த வட்டமான தகரத் தட்டு ஒன்றை இரண்டு டாலருக்கு வாங்கினேன். நான்கு டவரா டம்ளர்களை வைத்தாலும் சரிந்துவிடாதபடி, விரற்கடை உயரத்துக்கு அதன் விளிம்பை மடித்திருந்தார்கள். நடுவில் பீப்பாயைக் கால்களால் பற்றிய கழுகு. சுற்றிலும் 'யிங்லிங்' என்ற பெயர். சீனத் தட்டா என்று நான் கேட்டதும் பாட்டி சிரித்துவிட்டு, மஹன்டாங்கோ தெருவின் ஏற்றத்தில் நிற்கும் செங்கல் கட்டடத்தின் பக்கம் கை நீட்டினார். அது பீர் ஆலை. நான் காப்பிக்காக வாங்கியது பீர் பரிமாறும் தட்டு.

அன்று மாலை வீடியோ அழைப்பில் காரைக்குடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "பீர் தட்டிலயா என் மகனுக்குக் காப்பி கொடுக்கிறே?"

பதில் சொல்வதற்காகவே அந்த ஆலையின் கதையைத் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியிலிருந்து வந்த டேவிட் யிங்லிங், 1829-இல் இந்த நிலக்கரி ஊரில் 'கழுகு ஆலை' என்ற பெயரில் தொழில் தொடங்கினார். அவருடைய குடும்பப் பெயர் ஜெர்மன் மொழியில் யுங்லிங். இளைஞன் என்று பொருள். அமெரிக்க வாயில் அது யிங்லிங் ஆகிவிட்டது. என் பெயரின் பின்பாதியை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை என்பதால், அவர்மீது எனக்கு உடனே ஓர் ஒட்டுதல் ஏற்பட்டது. 1831-இல் ஆலை தீக்கிரையானதும் மலைச்சரிவில் புதிதாகக் கட்டினார். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், மலையைக் குடைந்த குகைகளில்தான் பீரைக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள். நாட்டில் இன்றும் இயங்கும் ஆலைகளில் இதுவே மிகப் பழமையானது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 1920-இல் வந்த மதுவிலக்குதான். பல ஆலைகள் மூடப்பட்டபோது, இவர்கள் சாராயச் சத்து மிகக் குறைந்த பானங்களைக் காய்ச்சியதோடு, ஆலைக்கு எதிரிலேயே பால் பண்ணைத் தொழிலைத் தொடங்கி ஐஸ்கிரீம் விற்றார்கள். 1933-இல் தடை நீங்கியதும் 'வின்னர்' என்ற பீரைக் காய்ச்சி, அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு லாரி நிறைய அனுப்பினார்கள். ஐஸ்கிரீம் தொழிலும் 1985 வரை நீடித்தது. அதே ஆண்டில் ஐந்தாம் தலைமுறைக்காரர் ஆலையைத் தம் தந்தையிடமிருந்து விலைகொடுத்து வாங்கினார். சொந்த மகனுக்கும் சும்மா எழுதிக்கொடுக்காத வழக்கம் அது. இப்போது அவருடைய நான்கு மகள்கள் தொழிலில் இருக்கிறார்கள்.

தட்டில் ஊர்ப்பெயருக்குப் பின் அஞ்சல் குறியீட்டு எண் இல்லை. அந்த எண் இங்கே 1963-இல்தான் வந்தது என்பதால், தட்டு அதற்கு முந்தியது என்பது பாட்டியின் கணிப்பு. பழைய வடிவங்களைத் திரும்பவும் அச்சிடுவார்கள் என்பதால் நான் முழுமையாக நம்பவில்லை. இத்தகைய தட்டுகளில் எஃகுத் தகட்டின்மேல் வண்ணங்களை அச்சிட்டுக் காயவைத்த பிறகே அழுத்தி வடிவம் கொடுப்பார்கள். வண்ணம் கீறிய இடத்தில் ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். ஒருநாள் தொட்டியில் ஊறவைத்துவிட்டு, கழுகின் இறக்கைக்குக் கீழே பழுப்பு வளையம் விழுந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

ஐஸ்கிரீம் கதையை அத்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவராகவே, "அந்த ஐஸ்கிரீம்காரன் தட்டைக் காட்டு" என்றார். திரைக்கு அருகில் கண்ணைக் கொண்டுவந்து துருவைப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவை என்றார்.