அம்மாவின் மாத்திரை டப்பா

2025 ஜனவரி 6, திங்கள்

அம்மாவின் தைராய்டு பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மருந்து போதாவிட்டால் இது ஏறும்) 9.2. ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை போடுகிறவள் அம்மா. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் என்னிடம் கேட்டார்: "இதோடு வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறார்கள்? எந்த நேரத்தில்?" எனக்குத் தெரியவில்லை. தலை குனிந்துதான் வீடு திரும்பினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

சமையலறை அலமாரியிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். டாக்டர் எழுதித் தந்த தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை தவிர, சத்துக்கென்றே ஐந்து இருந்தன: கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்தும் சேர்ந்த பலசத்து மாத்திரை, 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம், மீன் எண்ணெய் உருண்டை (சுத்த சைவமான அம்மாவுக்கு அது மீன் என்றே தெரியாது), அத்தை விற்கும் புரதப் பவுடர்.

ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படித்தேன். வைட்டமின் டி நான்கில் இருக்கிறது. வாரம் ஒன்று என்று அந்தப் பொட்டலத்தை எட்டு வாரத்துக்குத்தான் எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு தொடங்கியது இதுவரை இருபத்து மூன்று வாரம் ஓடியிருக்கிறது. சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சத்துதானே, மிஞ்சினால் என்ன ஆகிவிடும்?" என்றாள் அம்மா. மிஞ்சினால் ஆகும். வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். டி கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கும். அளவு கடந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், தாகம், மலச்சிக்கல் என்று ஆரம்பித்து சிறுநீரகம் வரை பாதிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, கால்சியம், பலசத்து மூன்றையும் ஒரே வாயில் போட்டு, மேலே சூடாக ஒரு டம்ளர் டிகிரி காபி! கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காபியும் தன் பங்குக்குத் தடுக்கும். போட்ட மருந்து ரத்தத்தில் சேர்ந்தால்தானே?

ஜனவரி 9, வியாழன்

டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப்போனேன். அளவைக் கூட்டவில்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு, நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. பொட்டலம், பவுடர், மீன் எண்ணெய், பலசத்து நான்கையும் நிறுத்தச் சொன்னார்.

ஜனவரி 11, சனி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைட்டமின் டி 78. தேவைக்கு மேல், ஆனால் ஆபத்தான அளவு இல்லை. ரத்தக் கால்சியமும் சரியாக இருக்கிறது. அப்பாடா. ஆனால் பி12 வெறும் 168. பதினொரு வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள். அது பி12 சேர்வதைக் குறைக்கும். காய்கறியிலும் தானியத்திலும் பி12 கிடையாது. பால், தயிரில் இருப்பது அம்மாவுக்குப் போதவில்லை. இத்தனை டப்பாக்களுக்கு நடுவே அவளுக்கு உண்மையாகவே குறைந்தது இதுதான், இதை யாரும் பார்க்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பி12 மாத்திரை இன்று தொடங்கியாயிற்று.

ஜனவரி 19, ஞாயிறு

முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை. நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம். கூடவே தயிர், மாலையில் எள்ளுருண்டை. கீரையின் இரும்பு உடம்பில் சேர, நெல்லிக்காய்ப் பச்சடி. பவுடர் வாங்கிய காசில் ஒரு மாதக் கீரையும் பழமும் வாங்கலாம் என்று அம்மாவே கணக்குப் போட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

டி.எஸ்.எச். 3.6! அதே மாத்திரை, அதே அளவு. மாறியது போடும் நேரமும், கூடப் போட்டவையும் மட்டும்.

தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் அம்மா தன் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறாள்: "6 மணி தைராய்டு. 7 காபி. 1 மணி கால்சியம். ராத்திரி பி12." இரவு அத்தையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தையும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாராம், அந்தப் பவுடரைக் கலக்கிய பாலோடு. சனிக்கிழமை பாபநாசம் போகிறோம், அத்தையின் டப்பாவைப் பார்க்க.